அடிமரம் இல்லாத அணி: தில்லை வட்டார நகைகளில் மரமும் உலகமும்

வட்டத்துக்குள் ஒரு மரம்: மேலே விரிந்த கிளைகள், கீழே பின்னிய வேர்கள். வெள்ளியிலும் செம்புக் கம்பியிலும் வரும் இந்த டாலரை வைக்கிங் காலத்துத் தொல்நகையின் மறுவார்ப்பு என்றே பலர் நம்பி வாங்குகிறார்கள். மரம் பழையதுதான். வடஐரோப்பியத் தொன்மத்தின் உலக மரமான இக்ட்ராசில் என்னும் அந்த ஆஷ் மரத்துக்கு மூன்று வேர்கள். வேரைக் கடிக்கும் நிதோக் என்ற நாகம், உச்சியில் கழுகு, இரண்டுக்கும் நடுவே வசைமொழி சுமந்தோடும் ஓர் அணில் என்று 13-ஆம் நூற்றாண்டு ஐஸ்லாந்து நூல்கள் விவரிக்கின்றன. ஆனால் வைக்கிங் மக்கள் கழுத்தில் பெரிதும் தொங்கியது இடித் தெய்வமான தோரின் சம்மட்டிதான். டென்மார்க்கின் லோலன் தீவில் 2014-இல் வெளிப்பட்ட 10-ஆம் நூற்றாண்டுப் பதக்கம் ஒன்றில், அது சம்மட்டி என்றே ரூன் எழுத்தில் பொறிக்கப்பட்டிருந்தது. வட்டத்துள் அடங்கிய முழு மரமோ நம் காலத்து வடிவமைப்பு.

மரத்தை உலகமாக எண்ணிய மரபு நமக்கும் உண்டு. வேர் மேலும் கிளை கீழுமாகத் தலைகீழாக நிற்கும் அரசமரத்தைக் கீதையின் பதினைந்தாம் அத்தியாயம் பேசுகிறது. அப்படியிருந்தும் முழு மரத்தை நகையாக்கும் வழக்கம் இங்கே வேரூன்றவில்லை. இதைக் கற்பனைக் குறைவு என்று தள்ளிவிடக்கூடாது. தமிழ் அணிமரபு மரத்தின் இலை, மொட்டு, காய் போன்ற உறுப்புகளை மட்டுமே நகையாக்கியது. அடிமரத்தின் இடத்தை வேறொன்றுக்கு விட்டுவைத்தது என்பதே என் வாதம்.

அரைமூடியை எடுத்துக்கொள்வோம். பெண் குழந்தையின் அரைஞாணில் கோத்துக் கட்டும் அரசிலை வடிவ வெள்ளித் தகடு அது. மறைப்புக்கான பொருள் என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். மறைக்க எந்த வடிவமும் போதுமே, அரசிலை ஏன்? பிள்ளைப் பேறு வேண்டி அரசமரத்தைச் சுற்றும் ஊர்களில் இதற்கு விடை தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை.

மணப்பெண்ணின் முழு அலங்காரத்தில் இது இன்னும் தெளிவாகும். வகிட்டின் இருபுறமும் சூரியப் பிறை, சந்திரப் பிறை, பின்னலில் சடைநாகம், மார்பில் மாங்காய் மாலை. மேலே சுடர்கள், முதுகோடு இறங்கும் நாகம், நடுவே காய். இக்ட்ராசில் மரத்தின் கழுகும் நாகமும் போல இங்கும் மேலும் கீழும் வகுக்கப்பட்டிருக்கின்றன, அடிமரம்தான் இல்லை. அந்த இடத்தில் அணிந்தவளே நிற்கிறாள். இவை தனித்தனி மங்கலச் சின்னங்களே, யாரும் திட்டமிட்டு உலகப் படம் வரையவில்லை என்று மறுக்கலாம். திட்டம் இருந்தது என்பதற்கு எழுத்துச் சான்று தேடுவது வீண் வேலை. அணியும் இடம் மாறாமல் நிற்பதையே நான் சான்றாகக் கொள்கிறேன்: சூரியனை இடுப்பில் கட்டியவரில்லை.

சங்க காலத்திலும் இதே பாங்குதான். அரசனின் காவல்மரம் நாட்டின் நிலைபேறு. பகைவர் அதை வெட்டி முரசு செய்வார்கள். ஆனால் சோழன் சூடியது ஆத்திப் பூ, பாண்டியன் வேம்பு, சேரன் பனம்பூ. மரம் காக்கப்பட்டது, பூ சூடப்பட்டது.

சிதம்பரம் இந்த வாதத்தை அதன் எல்லைக்கே கொண்டுசெல்கிறது. நடராசர் கோயிலின் சிற்சபையில் ஒரு திரை. அது விலகினால் உருவம் எதுவும் இல்லை. வெளியில் தொங்கும் தங்க வில்வ மாலைகள் மட்டுமே. சபையின் பொற்கூரைக்கு 21,600 ஓடுகள், ஒரு நாளின் மூச்சுக் கணக்கு. 72,000 ஆணிகள், நாடிகளின் கணக்கு என்பது கோயில் மரபு. ஆக, சபையே ஓர் உடம்பு, அதன் நெஞ்சில் ஆகாயம். மணப்பெண்ணிடம் உடம்பு அடிமரமாயிற்று. இங்கே உடம்புக்குள் இருக்கும் வெளி அடிமரமாகிறது. அங்கே காய் பொன், இங்கே இலை பொன். 1981 முதல் மகா சிவராத்திரியை ஒட்டி நடக்கும் நாட்டியாஞ்சலி நடன விழாவில், மணப்பெண்ணின் அணிகளையே பூண்டு ஆடுபவர்கள் வழியாக இவ்விரு அலங்காரங்களும் ஒரே ஊரில் கூடுகின்றன.

தில்லை என்று ஊருக்கே பெயர் தந்த மரத்தின் இலை ஏன் பொன்னாகவில்லை? கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும் பால் கொண்ட மரம் அது. இன்று பிச்சாவரத்து அலையாத்திக் காட்டில் காணலாம். சிவபூசைக்கு உரியது வில்வம். தலமரம் வணங்கப்படும், பூசை இலை சாத்தப்படும் என்ற பகுப்பு காவல்மரத்துக்கும் சூடும் பூவுக்கும் இருந்த அதே பகுப்புதான்.

கற்பக விருட்ச வாகனம் இதற்கு மாறான சான்று போலத் தோன்றும். அது மரத்தாலும் உலோகத் தகட்டாலும் செய்த முழு மரம்தான். ஆயினும் அது அணியப்படுவதில்லை. சுவாமியைத் தன் நிழலில் ஏந்திச் செல்கிறது. முழு மரம் வேண்டும்போது தமிழ்க் கைவினைஞர் அதை உடம்புக்கு வெளியேதான் நிறுத்தினார்.

இதனால் நகைகளைப் பதிவு செய்யும் முறையும் மாற வேண்டும். அரைமூடியைக் குழந்தை நகை என்றும் சடைநாகத்தைக் கூந்தல் நகை என்றும் பிரித்துப் படமெடுத்து எண்ணிடும் அட்டவணை, பொன்னின் எடையையும் வேலைப்பாட்டையும் சரியாகவே சொல்லும். எந்த நகை உடம்பில் எங்கே, எதற்கு மேலே, எதற்குக் கீழே அணியப்பட்டது என்பதையும் அதே அட்டவணையில் குறித்தாக வேண்டும். இதைச் சொல்லக்கூடிய மூத்த பொற்கொல்லர்களும் அலங்காரம் செய்யும் பெண்களும் இவ்வட்டாரத்தில் இன்னும் இருக்கிறார்கள்.