மறு அளவீடும் முதல் லேசரும்: தியோடர் மைமனின் ஆய்வு வாழ்க்கை

ஆய்வுச்சுருக்கம்

உலகின் முதல் லேசரை 1960 மே 16 அன்று இயக்கிக் காட்டியவர் அமெரிக்க இயற்பியலாளர் தியோடர் மைமன். பிறர் வகுத்த கோட்பாட்டிற்குக் கருவி வடிவம் தந்தவர் என்ற அளவிலேயே அவர் பெரும்பாலும் மதிப்பிடப்பட்டு வந்துள்ளார். ரூபிப் படிகம் லேசருக்குப் பொருந்தாது என்ற முடிவிற்கு ஆதாரமாக இருந்த ஓர் அளவீட்டை அவர் மீண்டும் செய்து பார்த்ததே அவ்வெற்றியின் அடிப்படை என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. அச்செயல் ஆய்விதழாலும் பரிசுக் குழுவாலும் எவ்வாறு மதிப்பிடப்பட்டது என்பதும் இங்கு ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: லேசர், மேசர், ரூபிப் படிகம், குவாண்டம் திறன், தியோடர் மைமன், அறிவியல் வரலாறு.

முன்னுரை

அணுக்கள் ஒளியை உட்கவர்கின்றன, தாமாகவும் உமிழ்கின்றன. இவற்றோடு, தம்மீது படும் ஒளியால் தூண்டப்பட்டும் அவை ஒளியை உமிழும் என்று ஐன்ஸ்டைன் 1917-இல் வெளியான கட்டுரையில் காட்டினார். இக்கருத்து கருவியாக உருப்பெற ஏறத்தாழ 40 ஆண்டுகள் தேவைப்பட்டன. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சார்லஸ் டவுன்ஸ் தம் மாணவர்களுடன் 1954-இல் அம்மோனியா மேசரை இயக்கினார். இது தூண்டு உமிழ்வால் நுண்ணலைகளைப் பெருக்கும் கருவியாகும். சோவியத் நாட்டில் பாசோவும் புரோகரோவும் இதே துறையில் உழைத்தனர். மேசர் தத்துவத்தைக் கட்புலனாகும் ஒளிக்கும் விரிக்க முடியும் என்பதை ஆர்தர் ஷாலோவும் டவுன்சும் 1958 டிசம்பரில் 'ஃபிசிக்கல் ரிவ்யூ' இதழில் வெளியிட்ட கட்டுரை விளக்கியது. அதன்பின் பல ஆய்வகங்கள் போட்டியில் இறங்கின.

லேசரைக் கண்டுபிடித்தவர் யார் என்ற வினாவிற்கு ஒற்றை விடை இல்லை. கோட்பாட்டை முதலில் அச்சேற்றியவர்கள் ஷாலோவும் டவுன்சும். 'லேசர்' என்ற பெயரைத் தம் குறிப்பேட்டில் எழுதி 1957 நவம்பரில் அதற்குச் சான்றொப்பமும் பெற்றவர் கோர்டன் கூல்ட். கருவியை முதலில் இயக்கியவர் மைமன். இம்முன்னுரிமை வழக்கைத் தீர்ப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. பெரிய ஆய்வகங்கள் கைவிட்ட ஒரு பொருளைக் கொண்டு, குறைந்த நிதியும் ஓரிரு உதவியாளர்களும் உடைய ஒருவர் எவ்வாறு முந்தினார் என்பதே இங்கு எழுப்பப்படும் வினா.

இளமையும் பயிற்சியும்

தியோடர் ஹெரால்டு மைமன் 1927 ஜூலை 11 அன்று லாஸ் ஏஞ்சலஸ் நகரில் பிறந்தார். தந்தை ஆபிரகாம் மைமன் மின்பொறியாளர். புதுக்கருவிகளைப் படைக்கும் ஆர்வம் உடையவர். குடும்பம் கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகரில் குடியேறியது. பதின்ம வயதிலேயே மின்சாதனங்களையும் வானொலிப் பெட்டிகளையும் பழுதுபார்த்து மைமன் பொருளீட்டினார். இரண்டாம் உலகப் போரின் இறுதியில் அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றிய பின், 1949-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் பொறியியல் இயற்பியலில் பட்டம் பெற்றார்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1951-இல் மின்பொறியியல் முதுகலைப் பட்டமும் 1955-இல் இயற்பியல் முனைவர் பட்டமும் பெற்றார். அவருடைய நெறியாளர் வில்லிஸ் லாம்ப். அதே 1955-இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். கிளர்வுற்ற ஹீலியம் அணுக்களின் ஆற்றல் மட்டங்களில் காணப்படும் நுண்பிளவுகளை ஒளியையும் நுண்ணலையையும் இணைத்து அளப்பதே மைமனின் முனைவர் பட்ட ஆய்வு. மிக மெல்லிய சமிக்ஞைகளைப் பிழையின்றி அளக்கும் பயிற்சியை அவ்வாய்வு அளித்தது. பொறியாளரின் கைத்திறனும் இயற்பியலாளரின் அளவீட்டு ஒழுங்கும் ஒருவரிடம் கூடியமையே பின்னாளில் முதல் லேசரின் வடிவத்தைத் தீர்மானித்தது.

மேசரிலிருந்து லேசருக்கு

மைமன் 1956-இல் ஹியூஸ் ஆய்வகத்தில் சேர்ந்தார். அமெரிக்கத் தரைப்படைக்காக ரூபி மேசர் ஒன்றைச் செம்மைப்படுத்தும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஏறத்தாழ 2.5 டன் எடையிருந்த அக்கருவியை, செயல்திறன் குறையாமல், 2 கிலோகிராமுக்கும் குறைவான எடைக்கு அவர் சுருக்கினார். குளிர்கலத்திற்கு வெளியே இருந்த பெரிய காந்தத்திற்கு மாற்றாகச் சிறிய நிலைக்காந்தத்தைக் கலத்தின் உள்ளேயே அமைத்தது இதற்கு வழிவகுத்தது. ரூபிப் படிகத்தின் இயல்புகளை அவர் நேரடியாக அறிந்துகொண்டதும், கருவியை இயன்றவரை எளிமையாக்கும் அணுகுமுறை அவரிடம் உறுதிப்பட்டதும் இப்பணியில்தான்.

1959-இன் நடுப்பகுதியில், ஏறத்தாழ 50,000 டாலர் உள்நிதியுடன் அவர் லேசர் ஆய்வைத் தொடங்கினார். இத்தொகையின் சிறுமையை ஓர் ஒப்பீடு விளக்கும். கூல்ட் பணியாற்றிய டி.ஆர்.ஜி. நிறுவனம் இதே நோக்கத்திற்காகப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு முகமையிடம் 3,00,000 டாலர் கேட்டு, 9,99,000 டாலர் பெற்றிருந்தது. ஆயினும் அத்திட்டம் இராணுவ இரகசியமாக அறிவிக்கப்பட்டதால், பாதுகாப்பு அனுமதி கிடைக்காத கூல்ட் தம் கருத்திலிருந்தே பிறந்த ஆய்வில் முழுமையாகப் பங்கேற்க இயலவில்லை. டவுன்சின் குழு பொட்டாசிய ஆவியையும், பெல் ஆய்வகத்தில் அலி ஜவானின் குழு ஹீலியம்-நியான் வாயுக் கலவையையும் தேர்ந்திருந்தன.

ஒரு சதவீதம் என்ற எண்

இளஞ்சிவப்பு ரூபி என்பது மிகச் சிறிதளவு குரோமியம் கலந்த அலுமினியம் ஆக்சைடுப் படிகம். குரோமிய அயனிகள் பச்சை, ஊதா நிற ஒளியை உட்கவர்ந்து மேல்மட்டங்களுக்கு உயர்கின்றன. அங்கிருந்து ஒரு சிற்றுறுதி நிலைக்கு இறங்கிச் சில மில்லி வினாடிகள் தங்கிய பின், 694.3 நானோமீட்டர் அலைநீளமுடைய சிவப்பொளியை உமிழ்ந்து அடிநிலைக்குத் திரும்புகின்றன.

இப்படிகத்தை லேசருக்குப் பயன்படுத்துவதற்கு எதிராக இரண்டு காரணங்கள் கூறப்பட்டன. முதலாவது கோட்பாடு சார்ந்தது. சிவப்பொளி உமிழ்வு அடிநிலையிலேயே முடிவதால், மொத்த அயனிகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றை மேலே உயர்த்தினால்தான் ஒளிப்பெருக்கம் நிகழும். இதற்கு மிகுந்த ஆற்றல் வேண்டும். 1959 செப்டம்பரில் நடந்த குவாண்டம் மின்னணுவியல் மாநாட்டில் இளஞ்சிவப்பு ரூபி பொருந்தாது என்று ஷாலோ கூறியதற்கு இதுவே காரணம். இரண்டாவது சோதனை சார்ந்தது. ரூபி உட்கவரும் ஃபோட்டான்களில் எத்தனை பங்கு சிவப்பு ஃபோட்டான்களாக வெளிவருகின்றன என்பதே அதன் குவாண்டம் திறன். வெஸ்டிங்ஹவுஸ் ஆய்வகத்தைச் சேர்ந்த இர்வின் வீடர் இதனை ஏறத்தாழ 1 சதவீதம் என வெளியிட்டிருந்தார். இவ்வெண் உண்மையாயின் ரூபியைப் பற்றி மேலும் சிந்திக்க இடமில்லை.

மைமனும் தொடக்கத்தில் இவ்வெண்ணை ஏற்றுக்கொண்டார். எஞ்சிய 99 சதவீதம் எவ்வழியில் இழக்கப்படுகிறது என்பதை அறிந்தால், அவ்விழப்பு இல்லாத வேறொரு படிகத்தைத் தேர்ந்தெடுக்கலாம் என்று கருதியே அவர் அளவீட்டைத் தொடங்கினார். ஆற்றல் கசியக்கூடிய ஒவ்வொரு வழியையும் தனித்தனியாகச் சோதித்தார். எங்கும் குறிப்பிடத்தக்க இழப்பு காணப்படவில்லை. இறுதியில் கிடைத்த குவாண்டம் திறன் ஏறத்தாழ 75 சதவீதம். பொருந்தாது என ஒதுக்கப்பட்ட படிகம் பொருத்தமானதாக மாறியது.

இங்கு இரண்டு செய்திகள் கவனத்திற்குரியன. முதலாவது, மைமனிடம் பிறரிடம் இல்லாத கோட்பாடு எதுவும் இருக்கவில்லை. ஷாலோவின் வாதத்தை அவர் மறுக்கவும் இல்லை. பாதிக்கும் மேற்பட்ட அயனிகளை உயர்த்த வேண்டும் என்பதை ஏற்றுக்கொண்டு, அதற்கு எவ்வளவு ஒளி தேவை என்று கணக்கிட்டார். இரண்டாவது, அவர் ரூபியை மீட்கும் நோக்கில் அளக்கவில்லை. எதிர்பார்ப்பிற்கு மாறான முடிவு வந்தபோது அதனை மறைக்காமல் ஏற்றுக்கொண்டார். வெளியான ஓர் எண்ணை மேற்கோள் காட்டுவதற்கும் அதனைச் சரிபார்ப்பதற்கும் இடையிலுள்ள வேறுபாடே இவ்வரலாற்றின் திருப்புமுனை.

விளக்குத் தேர்வும் 1960 மே 16-உம்

ரூபியை லேசராக்கப் போதிய ஒளியைத் தர, ஏறத்தாழ 5000 கெல்வின் வெப்பநிலையிலுள்ள கரும்பொருளுக்கு இணையான பிரகாசம் தேவை என்று மைமன் கணக்கிட்டார். தொடர்ச்சியாக எரியும் விளக்குகள் இவ்வெல்லையை ஒட்டியே நின்றன. லேசர் தொடர்ச்சியாக ஒளிர வேண்டும் என்பது பிற குழுக்களின் பொதுவான எண்ணமாக இருந்தது. அக்கட்டாயம் எதுவும் இல்லை என்பதை உணர்ந்த மைமன், கணநேரத் துடிப்பொளி போதுமென முடிவு செய்தார். ஒளிப்படக் கலைஞர்கள் பயன்படுத்தும் பிளாஷ் விளக்கைப் பற்றி அவருடைய உடன் பணியாளர் சார்லஸ் அசாவா குறிப்பிட்டமை இதற்குத் துணைசெய்தது. செனான் வாயு நிரம்பிய அவ்விளக்குகளின் பிரகாசம் தேவையான அளவை எளிதில் விஞ்சியது.

சந்தையில் கிடைத்த சுருள்வடிவச் செனான் விளக்குகளுள் மிகச் சிறியதை அவர் தேர்ந்தார். ஏறத்தாழ 1 செ.மீ. விட்டமுடைய ரூபித் தண்டின் இரு முனைகளுக்கும் வெள்ளி பூசி, ஒளி வெளியேற ஒரு முனையில் சிறு துளை விட்டு, தண்டைச் சுருளின் உள்ளே நிறுத்தினார். முழு அமைப்பும் மெருகேற்றிய அலுமினிய உருளைக்குள் அடங்கியது. அது உள்ளங்கையில் வைக்கத்தக்க கருவி.

1960 மே 16 அன்று கலிஃபோர்னியாவின் மாலிபுவில், உதவியாளர் இர்னி டி ஹேனன்சுடன் மைமன் சோதனையைத் தொடங்கினார். விளக்கின் மின்னழுத்தத்தைப் படிப்படியாக உயர்த்தினர். ஒரு கட்டம் வரை ரூபி தன் இயல்பான சிவப்பொளியையே உமிழ்ந்தது. அக்கட்டத்தைத் தாண்டியதும் அலைநோக்கியில் சமிக்ஞையின் உச்சம் திடீரென உயர்ந்தது. ஒளிர்வு தணியும் காலமும் குறைந்தது. நிறமாலைக் கோடு குறுகியதையும் தொடர்ந்த அளவீடுகள் காட்டின. தூண்டு உமிழ்விற்கு இவை சான்றுகளாயின.

ஆய்விதழின் மறுப்பும் செய்தியிதழ்களின் ஆரவாரமும்

இம்முடிவுகளை மைமன் 'ஃபிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ்' இதழுக்கு அனுப்பினார். இதழாசிரியர் சாமுவேல் கௌட்ஸ்மிட் அதனை ஏற்கவில்லை. மேசர் தொடர்பான கட்டுரைகள் பெருகிவிட்டதால், அடிப்படை இயற்பியலுக்குப் புதிதாகப் பங்களிக்காதவற்றை வெளியிடுவதில்லை என்பது இதழின் அப்போதைய நிலைப்பாடு. லேசர் அக்காலத்தில் 'ஒளி மேசர்' என்றே வழங்கப்பட்டது. மேலும், ரூபி பற்றிய மைமனின் மற்றொரு கட்டுரை அதே இதழில் அண்மையில்தான் வெளிவந்திருந்தது. ஆகவே இது மேசர் வரிசையில் மேலும் ஒன்றாகவே கருதப்பட்டது. இம்மறுப்பைத் தனிமனிதப் பகையாகக் கொள்வதற்கு இடமில்லை. பெருகிவரும் கட்டுரைகளைக் கட்டுப்படுத்த வகுத்த ஒரு விதி, தான் எதிர்பாராத ஒன்றை அடையாளம் காணத் தவறியது என்பதே பொருத்தமான மதிப்பீடாகும்.

ஏறத்தாழ 300 சொற்களில் அமைந்த அவருடைய கட்டுரை 1960 ஆகஸ்டு 6 அன்று 'நேச்சர்' இதழில் வெளியானது. அதற்கு முன்பே, ஜூலை 7 அன்று ஹியூஸ் நிறுவனம் நியூயார்க்கில் செய்தியாளர்களைக் கூட்டி அறிவித்திருந்தது. மறுநாள் செய்தித்தாள்கள் இதனைக் கொலைக்கதிர் என்று பரபரப்பாக எழுதின. கருவி மிகச் சிறியதாகத் தோன்றியதால், பெரிய விளக்கு பொருத்திய வேறோர் அமைப்புடன் ஒளிப்படம் எடுக்கப்பட்டது. அப்படத்தைப் பின்பற்றிய பிற ஆய்வகங்கள் பெரிய விளக்கைக் கொண்டே மைமனின் சோதனையை மீண்டும் நிகழ்த்தின.

முதற்படிகங்களின் ஒளியியல் தரம் குறைவாக இருந்ததால், மைமனின் தொடக்கச் சான்றுகளில் கூரிய ஒளிக்கற்றை இடம்பெறவில்லை. ஷாலோ உள்ளிட்ட பெல் ஆய்வகக் குழுவினர் ரூபி லேசரின் திசைநோக்கிய ஓரியல் ஒளியை விளக்கும் கட்டுரையை 1960 அக்டோபரில் வெளியிட்டனர். இதனைக் கொண்டு முதன்மை யாருக்கு என்ற விவாதம் எழுந்தது. ஆனால் பெல் குழு பயன்படுத்திய பொருளும் விளக்கு முறையும் மைமன் காட்டிய வழியைச் சார்ந்தவை. தரமான படிகங்களைக் கொண்டு செய்த விரிவான அளவீடுகளை மைமனும் அவர் குழுவினரும் 1961-இல் 'ஃபிசிக்கல் ரிவ்யூ' இதழில் இரு பகுதிகளாக வெளியிட்டனர்.

பயன்பாடும் ஏற்பும்

ரூபி லேசரின் பயன் விரைவில் வெளிப்பட்டது. 1961 டிசம்பரில் நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் நோயாளி ஒருவரின் விழித்திரைக் கட்டி அதனால் அழிக்கப்பட்டது. 1962-இல் அதன் ஒளி நிலவில் பட்டுத் திரும்பியது. அதே ஆண்டு ஹியூஸ் நிறுவனத்தில் வுட்பரியும் இங்கும் ரூபி லேசரைக் கொண்டு ஆய்ந்தபோது எதிர்பாராத அலைநீளத்தில் வலிய ஒளியைக் கண்டனர். அது தூண்டு இராமன் சிதறல் என விளக்கப்பட்டது. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. இராமன் 1928-இல் கண்ட மெல்லிய விளைவு, லேசரால் வலிமையான ஆய்வுக்கருவியாயிற்று.

மைமன் 1961-இல் ஹியூஸ் நிறுவனத்திலிருந்து விலகினார். 1962-இல் கோராட் நிறுவனத்தைத் தொடங்கி உயர்திறன் ரூபி லேசர்களை உருவாக்கினார். ரூபி லேசருக்கான காப்புரிமை 1967 நவம்பரில் வழங்கப்பட்டது. 1964-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு டவுன்ஸ், பாசோவ், புரோகரோவ் ஆகியோருக்குச் சென்றது. ஷாலோ 1981-இல் பெற்றார். மைமனுக்கு அது வாய்க்கவில்லை. மேசர்-லேசர் தத்துவத்திற்கு வழிவகுத்த அடிப்படை ஆய்வுகளுக்கே 1964-ஆம் ஆண்டின் பரிசு அளிக்கப்பட்டதால் அத்தேர்வைத் தவறென்று கூற முடியாது. எனினும் கோட்பாட்டிலிருந்து கருவிக்குச் செல்லும் பாதையில் உள்ள அறிவுழைப்பு அப்பரிசின் பார்வைக்கு வெளியே நின்றது என்பதும் உண்மை. வுல்ஃப் பரிசும் 1987-ஆம் ஆண்டின் ஜப்பான் பரிசும் அவரைச் சிறப்பித்தன. 2000-இல் தம் அனுபவங்களை நூலாக வெளியிட்ட மைமன், 2007 மே 5 அன்று கனடாவின் வான்கூவரில் காலமானார்.

முடிவுரை

மைமனின் வெற்றியை நற்பேறு என்றோ வெறும் பொறியியல் திறன் என்றோ கொள்வது சான்றுகளுக்குப் பொருந்தாது. குவாண்டம் திறன் 1 சதவீதம் அன்று, 75 சதவீதம் என்று அறிந்தது ஒரு கண்டுபிடிப்பு. அந்த அறிவு இல்லாமல் 1958-ஆம் ஆண்டுக் கோட்பாட்டிலிருந்து ரூபி லேசருக்குச் செல்ல வழியில்லை. ஆயினும் பிறர் அளவீட்டை மீண்டும் செய்து பார்ப்பது ஆய்வுலகில் புதுமையாக எண்ணப்படுவது அரிது. இதழ்களும் பரிசுகளும் அதனை எளிதில் இனங்காண்பதில்லை. நிதியும் புகழும் மிக்க ஆய்வகங்கள் ஓர் எண்ணை நம்பி ஒதுக்கிய படிகத்தில் முதல் லேசர் ஒளிர்ந்தது. அச்சேறிய முடிவுகளைத் தொடக்கப் புள்ளியாகக் கொள்ளும் ஒவ்வோர் ஆய்வாளரும், அவற்றுள் தம் ஆய்வு சார்ந்து நிற்கும் ஒன்றையேனும் தாமே சரிபார்க்க வேண்டியதன் தேவையை மைமனின் ஆய்வு வாழ்க்கை உணர்த்துகிறது.