உலையை எரித்த செலவு: இங்கிலாந்து ஏழைகளின் குளிர்காலச் சமையல்

இங்கிலாந்தின் ஏழைக் குடும்பங்கள் குளிர்காலத்தில் குறைந்த செலவில் சூடாக உண்பது எப்படி என்று இரண்டு நூற்றாண்டுகளாக அறிவுரை எழுதியவர்களுள் பலர், தானியத்தின் விலையையும் இறைச்சியின் விலையையும் கணக்கிட்டார்களே தவிர, உலையைக் கொதிக்கவைக்கும் எரிபொருளின் விலையைக் கணக்கில் சேர்க்கவில்லை. பட்டாணி, பார்லி, ஓட்ஸ், எலும்பு, முற்றிய இறைச்சி என மலிவு உணவுக்குப் பேர்போன பொருள்கள் எல்லாம் நெடுநேரம் வேக வேண்டியவை. கடையில் மலிவாகக் கிடைத்த பொருள் அடுப்பில் ஏறியதும் விலை கூடிவிட்டது என்பதே இவ்வரலாற்றின் மையச் செய்தி.

இடைக்கால இங்கிலாந்தின் குடியானவர் வீட்டில் இந்தச் சிக்கல் பெரிதாக எழவில்லை. தானியம், பட்டாணி, முட்டைக்கோசு, லீக் எனப்படும் வெங்காய வகை ஆகியவற்றை ஒரே பானையில் இட்டு வேகவைத்த 'பாட்டேஜ்' என்னும் கூழே அவர்களின் அன்றாட உணவாக இருந்தது. வீட்டைச் சூடாக்க எரித்த நெருப்பே பானையையும் கொதிக்கவைத்ததால், சமையலுக்கென்று தனியாக விறகு செலவாகவில்லை. அந்த விறகும் பெரும்பாலும் காசு கொடுத்து வாங்கியது அன்று. ஊர்ப் பொது நிலத்தில் சுள்ளி பொறுக்கவும், முட்புதர் வெட்டவும், 'பீட்' எனப்படும் மக்கிய சதுப்பு மண்ணைத் தோண்டி உலர்த்தி எரிக்கவும் குடிகளுக்கு வழக்காற்று உரிமை இருந்தது.

18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்த உரிமை வேகமாகப் பறிபோயிற்று. பொது நிலங்களை வேலியிட்டுத் தனியார் உடைமையாக்கும் சட்டங்களை நாடாளுமன்றம் ஆயிரக்கணக்கில் நிறைவேற்ற, விறகு பொறுக்கியவர் விறகு வாங்குபவரானார். பல இடங்களில் திருடுபவராகவும் ஆனார். நிலக்கரிச் சுரங்கங்கள் அருகில் இருந்த வட மாவட்டங்களில் ஓட்ஸ் கஞ்சியும் பார்லிச் சாறும் தொடர்ந்து கொதித்துக்கொண்டிருந்தன. நிலக்கரி வந்து சேர்வதற்குள் விலை ஏறிவிடும் தென் மாவட்டங்களிலோ, கூலித்தொழிலாளர் கடையில் வாங்கிய கோதுமை ரொட்டியையும், சிறிது பாலாடைக்கட்டியையும், நீர்த்துப்போன தேநீரையும் கொண்டு குளிர்காலத்தைக் கழித்தனர்.

விளைச்சல் பொய்த்து ரொட்டியின் விலை ஏறிய 1795-ஐ ஒட்டி வெளிவந்த இரண்டு நூல்கள் இந்த வேறுபாட்டை இருவேறு விதமாக விளக்கின. 1797-இல் மூன்று தொகுதிகளாக ஏழைகளின் நிலையைப் பற்றி எழுதிய ஃபிரெடெரிக் மார்ட்டன் ஈடன், வட நாட்டாரின் கஞ்சி, சாறு வகைகளின் செய்முறைகளையே பதிவு செய்து, தென் நாட்டார் அவற்றைப் பின்பற்றாததற்கு அவர்களின் பழக்கத்தையும் பிடிவாதத்தையும் குறை கூறினார். பெர்க்‌ஷயரில் பார்க்கம் என்னும் சிற்றூரின் பங்குக்குருவாக இருந்த டேவிட் டேவிஸ், இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே தம் ஊர்க் குடும்பங்களின் வரவு செலவை வரிசைப்படுத்தி வேறொரு முடிவுக்கு வந்திருந்தார். எரிபொருள் அரிதாக உள்ள இடத்தில் வீட்டில் ரொட்டி சுடுவதைவிடக் கடையில் வாங்குவதே ஏழைக்குச் சிக்கனம் என்பதையும், பாலும் விறகும் கிட்டாத வீட்டின் கடைசிப் புகலிடமே தேநீர் என்பதையும், தேநீர் வறுமையின் காரணம் அன்று, விளைவே என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். ஈடனின் தொகுதிகள் பெரியவை. ஆனால் அடுப்பின் அருகே நின்று பார்த்தவர் டேவிஸ்தான்.

அடுப்பையே ஆராய்ச்சிப் பொருளாக்கியவர், அமெரிக்காவில் பிறந்து பவேரிய அரசின் பணியில் உயர்ந்து கவுன்ட் ரம்ஃபோர்ட் என்னும் பட்டம் பெற்ற பெஞ்சமின் தாம்சன் ஆவார். 1790 ஜனவரி முதல் நாள் மியூனிக் நகரத்துப் பிச்சைக்காரர்களைப் பிடித்து உழைப்பில்லத்தில் சேர்த்த அவர், அவர்களுக்குப் பார்லி, பட்டாணி, உருளைக்கிழங்கு, காடி, உப்பு, காய்ந்த ரொட்டித் துண்டுகள் ஆகியவற்றால் ஒரு சாறு காய்ச்சி வழங்கினார். உருளைக்கிழங்கை மக்கள் வெறுத்ததால், முதலில் அது உருத்தெரியாமல் கரையும்வரை வேகவைக்கப்பட்டு இரகசியமாகவே சேர்க்கப்பட்டது. நெடுநேரம் கொதித்தால் தண்ணீரே ஊட்டமாக மாறிவிடும் என்று அவர் நம்பியது பிழை. ஆயினும் திறந்த நெருப்பின் வெப்பத்தில் பெரும்பகுதி புகைபோக்கி வழியே வீணாகிறது என்று கண்டு, செங்கல் சூழ்ந்த மூடிய அடுப்புகளை அவர் அமைத்தது சமையல் வரலாற்றில் ஒரு திருப்பமாகும். 1800-ஐ ஒட்டிய பஞ்ச ஆண்டுகளில் இலண்டனில் பெருகிய கஞ்சித்தொட்டிகள் அவருடைய சாற்றைப் பின்பற்றின. அவருடைய அடுப்போ வசதி படைத்தோர் வீட்டுச் சமையலறைக்கே முதலில் சென்றது.

இந்த முரண் 19-ஆம் நூற்றாண்டு முழுவதும் நீடித்தது. விக்டோரியா அரசியின் தலைமைச் சமையற்காரராக இருந்த சார்லஸ் எல்மே ஃபிரான்கடெல்லி, 1852-இல் உழைக்கும் வகுப்பாருக்கென எழுதிய சமையல் நூலில், சிறிது சிறிதாகச் சேமித்து ஒரு நல்ல இரும்பு அடுப்பை வாங்கிக்கொள்ளுமாறு முன்னுரையிலேயே கூறினார். அறிவுரை சரியானதே, ஆனால் வாடகை அறையில் வாழ்பவருக்கு அடுப்பு சொந்தமாவது எளிதன்று. நூற்றாண்டின் இறுதியில், ஒரு பென்னி நாணயத்தைப் போட்டால் அதற்கு ஈடான எரிவாயுவை வழங்கும் அளவுமானிகள் தொழிலாளர் வீடுகளுக்கு வந்தபோது, சமையலின் ஒவ்வொரு நிமிடமும் காசாக எண்ணப்படலாயிற்று.

அதன் விளைவை மிகத் தெளிவாகக் காட்டும் ஆவணம், மாட் பெம்பர் ரீவ்ஸ் 1913-இல் வெளியிட்ட ஆய்வு நூல். வாரம் ஒரு பவுண்டு அளவிலான வருவாயில் இலண்டனின் லாம்பெத் பகுதியில் வாழ்ந்த குடும்பங்களின் கணக்குகளைத் திரட்டிய அவர், ஓட்ஸ் கஞ்சி காய்ச்சாத தாய்மாரைச் சோம்பேறிகள் என்று பழித்தவர்களுக்கு விடையளித்தார். கஞ்சி அடிபிடிக்காமல் வேக நேரமும் எரிவாயுவும் வேண்டும். வீட்டில் இருந்ததோ நசுங்கி அடி தேய்ந்த ஓரிரு பாத்திரங்கள். முந்தின இரவு மீனோ குழம்போ வெந்த பாத்திரத்தில் காய்ச்சிய கஞ்சியில் அந்த வாடை ஏறும். பாலும் சர்க்கரையும் சேர்க்கக் காசில்லை. காய்ச்சி வைத்தாலும் பிள்ளைகள் தொடமாட்டார்கள். இவ்வளவையும் எண்ணிப் பார்த்த தாய் ரொட்டியை நறுக்கித் தந்தாள் என்றால், அவள் கணக்குத் தவறானதன்று.

எரிபொருளை மிச்சப்படுத்தும் மிக எளிய கருவி இதற்கு முன்பே அறிமுகமாகியிருந்தது. 1867-ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் நார்வேயைச் சேர்ந்த தானியங்கிச் சமையற்பெட்டி ஒன்று வைக்கப்பட்டது. கொதி வந்த பாத்திரத்தை மூடி, வெப்பத்தை வெளியே விடாத பொருளால் சூழப்பட்ட பெட்டிக்குள் வைத்துவிட்டால், மேற்கொண்டு நெருப்பின்றியே உணவு சில மணி நேரத்தில் வெந்துவிடும். மரப்பெட்டியில் வைக்கோலைத் திணித்து வீட்டிலேயே செய்துகொள்ளத்தக்க இதன் எளிய வடிவம் 'வைக்கோல் பெட்டி' என வழங்கியது. வைக்கோலின் இடைவெளிகளில் தங்கும் காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது என்பதே இதன் நுட்பம்.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் அரசு எரிபொருளையும் உணவையும் ஒரே கணக்கில் வைத்துப் பேசியது. 1940 ஜனவரி 8-இல் உணவுப் பங்கீடு தொடங்கிய பின், லார்ட் வூல்டன் தலைமையிலான உணவு அமைச்சகம் துண்டறிக்கைகள் வாயிலாகவும், காலைச் செய்தியை அடுத்து வந்த வானொலி நிகழ்ச்சி வாயிலாகவும், ஒரே பானையில் பலவற்றை அடுக்கி வேகவைக்கும் முறையையும் வைக்கோல் பெட்டியையும் பரப்பியது. உருளைக்கிழங்கு, காரட், காலிஃபிளவர், ஓட்ஸ் ஆகியவற்றால் ஆன 'வூல்டன் பை' அமைச்சரின் பெயரால் நிலைத்தாலும், மக்கள் அதை விரும்பி உண்டார்கள் என்று சொல்வதற்கில்லை.

போர் முடிந்த பின் வந்த 1947-ஆம் ஆண்டின் கடுங்குளிரில் எரிபொருள் பஞ்சமும் உணவுப் பஞ்சமும் ஒன்றாக வந்தன. பனியில் நிலக்கரி வண்டிகள் நின்றுபோக, பகலில் சில மணி நேரம் வீடுகளுக்கு மின்சாரம் நிறுத்தப்பட்டது. சேமித்து வைத்த உருளைக்கிழங்கும் உறைபனியால் கெட்டது. போர்க்காலம் முழுவதும் பங்கீட்டுக்கு உட்படாதிருந்த ரொட்டி 1946 ஜூலை முதலே பங்கீட்டில் இருந்தது. உணவுப் பங்கீடு 1954 ஜூலை 4 அன்று முற்றிலும் நீங்கியது. வைக்கோல் பெட்டியின் நுட்பம் அதன் பின்பும் வழக்கொழியவில்லை. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்னும் அறிவியல் அமைப்பு அதே முறையில் அமைந்த 'சூடாறாப்பெட்டி'யை அம்மாநிலத்து வீடுகளில் விறகையும் எரிவாயுவையும் மிச்சப்படுத்துவதற்காகப் பரப்பியது.