வட்டுக்கோட்டைச் செமினறியில் வானியல் கல்வி

வட்டுக்கோட்டைச் செமினறி, அமெரிக்க இலங்கை மிசன் யாழ்ப்பாணத்தில் 1823 இல் நிறுவிய உயர்கல்வி நிறுவனமாகும். அங்கு கணிதம், தமிழ் இலக்கியம் முதலிய பாடங்களுடன் வானியலும் கற்பிக்கப்பட்டது. ஐரோப்பிய வானியலைத் தமிழ் மாணவருக்கு எவ்வாறு கற்பிப்பது என்ற கேள்விக்கு அதன் அதிபர்கள் இருவர் வெவ்வேறு வழிகளைக் கண்டனர்.

மாணவர் முன்பே அறிந்திருந்தவை

செமினறிக்கு வந்த மாணவர் வானத்தைப் பற்றி எதுவும் அறியாதவர்கள் அல்லர். இராகுவும் கேதுவும் சூரிய சந்திரரை விழுங்குவதே கிரகணம் என்ற புராணக் கதை ஊரில் வழங்கியது. அதே ஊரில், கிரகண நேரத்தைக் கணக்கிட்டு முன்கூட்டியே சொல்லும் பஞ்சாங்கமும் இருந்தது. பஞ்சாங்கக் கணிதத்துக்கு அடிப்படையான சித்தாந்த நூல்கள் பூமியை உருண்டை என்றே கொண்டன. சந்திர கிரகணத்துக்குப் பூமியின் நிழலே காரணம் என்றன. ஆனால் பூமியை அண்டத்தின் நடுவில் வைத்தன.

இக்கணிதம் எளிதானதன்று. தமிழ்க் கணிதர் ஒருவர் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமான எண்களைக் கொண்டு கிரகணம் கணித்த முறையை ஜான் வாரன் 1825 இல் சென்னையில் வெளியிட்ட 'காலசங்கலித' என்ற நூலில் பதிவு செய்துள்ளார்.

பூவரும் 1829 கிரகணமும்

முதல் அதிபர் டானியல் பூவர் மோதல் வழியைத் தேர்ந்தார். 1829 மார்ச் 20 அன்று நிகழவிருந்த சந்திர கிரகணத்தைப் பஞ்சாங்கக் கணிதர் விசுவநாத சாஸ்திரியார் கணித்திருந்தார். பூவரின் கணிப்போ தொடங்கும் நேரத்திலும், மறையும் அளவிலும், நீடிக்கும் காலத்திலும் அதிலிருந்து வேறுபட்டது. மிசன் பதிவுகளின்படி பூவரின் கணிப்பே சரியாக அமைந்தது. பஞ்சாங்கத்தின் பிழை வெளிப்பட்டால் புராணங்களின் மீதான நம்பிக்கையும் தளரும் என்பது மிசனரிகளின் எதிர்பார்ப்பு.

எனினும் அந்த இரவு தீர்த்து வைத்தது சில நிமிடக் கணக்கை மட்டுமே. இரு தரப்புக் கணக்குகளுமே நிழலைக் கொண்டுதான் கிரகணத்தைக் கணித்தன. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்பதை அந்தக் கிரகணம் மாணவருக்கு உணர்த்தியிருக்க முடியாது.

ஹொய்சிங்டனின் வழி

1836 இல் அதிபரான ஹென்றி ஹொய்சிங்டன் உள்நாட்டு வானியலையே கற்கத் தொடங்கினார். அதன் பயனாக 1848 இல் யாழ்ப்பாணத்து அமெரிக்க மிசன் அச்சகத்தில் 'ஓரியண்டல் அஸ்ட்ரோனமர்' வெளிவந்தது. தமிழ் மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் விளக்கக் குறிப்புகளும் கொண்ட நூல் அது. தமிழ் மாணவர் தாம் அறிந்த கணித முறையை அதில் படித்து, ஐரோப்பிய முறையுடன் ஒப்பிட்டு, எங்கே ஒத்துப்போகிறது, எங்கே மாறுபடுகிறது என்று காண முடிந்தது. ஹொய்சிங்டனின் சமய நோக்கம் மாறவில்லை; பாடம் தொடங்கும் இடமே மாறியது.

பிற்காலம்

செமினறி 1855 இல் மூடப்பட்டது. 1872 இல் அதன் வழிவந்த யாழ்ப்பாணக் கல்லூரி வட்டுக்கோட்டையிலேயே தொடங்கியது.

மாணவரின் முன்னறிவை அறியாமல் வானியலைக் கற்பிக்க இயலாது என்ற கருத்து இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆய்வுகளால் வலுப்பெற்றது. 1987 இல் வெளியான ஓர் ஆவணப்படத்துக்காக ஹார்வர்டு பல்கலைக்கழகப் பட்டமளிப்பு நாளில் 23 பேரிடம் பருவங்களுக்கும் பிறை வளர்ந்து தேய்வதற்கும் காரணம் கேட்கப்பட்டது. 21 பேர் தவறான விளக்கமே தந்தனர். அவர்கள் பாடம் கேட்காதவர்கள் அல்லர். சிறுவயதில் தாமே கட்டிய விளக்கத்தை எந்தப் பாடமும் தொட்டுப் பார்க்கவில்லை.