பெரும் விண்மீன் பேரடைகளின் தோற்றம்: கருத்துகளின் வரலாறு

பெரும் விண்மீன் பேரடைகள் என்பவை ஏறத்தாழ பத்தாயிரம் கோடி சூரியன்களின் நிறைக்கும் மேற்பட்ட விண்மீன்களைக் கொண்ட பேரடைகள் ஆகும். இன்று நம் அருகில் காணப்படும் இத்தகைய பேரடைகளுள் பெரும்பாலானவை நீள்வட்ட வடிவமும் செம்மஞ்சள் நிறமும் உடையவை. இவற்றில் உள்ள விண்மீன்கள் முதியவை. புதிய விண்மீன்கள் அரிதாகவே பிறக்கின்றன. கன்னிப் பேரடைக் கொத்தின் நடுவிலுள்ள மெசியர் 87 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இவை ஒரே வீச்சில் பிறந்தனவா, சிறியவை ஒன்றுசேர்ந்து பெரியவை ஆயினவா என்ற கேள்வி 1960களிலிருந்து வானியலில் விவாதிக்கப்பட்டு வருகிறது.

ஒரே வீழ்ச்சி

1962-இல் ஓலின் எக்கன், டொனால்ட் லிண்டன்-பெல், ஆலன் சாண்டேஜ் ஆகியோர் 221 விண்மீன்களின் இயக்கத்தை ஆராய்ந்தனர். உலோகத் தனிமங்கள் குறைந்த முதிய விண்மீன்கள் மிக நீண்ட பாதைகளில் பால்வழியைச் சுற்றுவதைக் கண்டனர். பெரிய வளிம முகில் ஒன்று சில பத்துக் கோடி ஆண்டுகளில் தன் ஈர்ப்பால் விரைவாகச் சுருங்கியபோது இவை பிறந்திருக்க வேண்டும் என அவர்கள் முடிவு செய்தனர். இதே கருத்து நீள்வட்டப் பேரடைகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. இதன்படி பெரிய பேரடை தொடக்கத்திலிருந்தே பெரியதுதான்.

மோதலும் இணைவும்

1972-இல் அலார் தூம்ரே, யூரி தூம்ரே என்னும் சகோதரர்கள் இரு பேரடைகள் நெருங்கிக் கடப்பதைக் கணினியில் கணக்கிட்டனர். வானில் காணப்பட்ட விந்தையான வால்களும் பாலங்களும் ஈர்ப்பின் இழுப்பால் உண்டானவை என்பது தெளிவாயிற்று. 1977-இல் அலார் தூம்ரே ஒரு படி மேலே சென்று, இரு சுருள் பேரடைகள் மோதி இணைந்தால் எஞ்சுவது நீள்வட்டப் பேரடையே என்றார்.

இணைவு நடைபெறக் காரணமான இயற்பியல் அதற்கு முன்பே அறியப்பட்டிருந்தது. சென்னையில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் 1943-இல் இயக்கவியல் உராய்வு என்னும் விளைவை விளக்கினார். விண்மீன் கூட்டத்தின் ஊடே செல்லும் பெரிய பொருள், தனக்குப் பின்னால் திரளும் விண்மீன்களின் ஈர்ப்பால் வேகம் இழக்கிறது. பெரிய பேரடைக்குள் நுழையும் சிறிய பேரடை வெளியேற முடியாமல் நடுவை நோக்கி இறங்குவதும் இதனாலேயே.

கரும்பொருளும் படிநிலை வளர்ச்சியும்

1978-இல் சைமன் வைட், மார்ட்டின் ரீஸ் ஆகியோர் ஒளி உமிழாத கரும்பொருளைக் கணக்கில் சேர்த்தனர். கரும்பொருள் திரள்கள் முதலில் உருவாகின்றன. அவற்றின் குழிவுக்குள் விழும் வளிமம் குளிர்ந்து நடுவில் விண்மீன்களாகிறது என்றனர். 1984-இல் ஜார்ஜ் புளூமெந்தால், சான்ட்ரா ஃபேபர், ஜோயல் பிரிமாக், ரீஸ் ஆகியோர் குளிர் கரும்பொருள் கோட்பாட்டின் அடிப்படையில் பேரடை உருவாக்கத்தை விரிவாக விளக்கினர். இதன்படி சிறிய திரள்களே முதலில் தோன்றும்; பெரியவை பின்னர் சேரும்.

ஆனால் 1996-இல் லெனாக்ஸ் கவீயும் குழுவினரும் இதற்கு நேர்மாறாகத் தோன்றிய போக்கைக் கண்டனர். நிறை மிகுந்த பேரடைகள் முன்னதாகவே தம் விண்மீன்களை உருவாக்கி முடித்திருந்தன. சிறியவையே பின்னரும் விண்மீன்களைப் பெற்றுக்கொண்டிருந்தன. இந்த முரண் பத்தாண்டுகள் நீடித்தது. 2006 அளவில் கணினிப் போலச்செய்தல்கள் விடை ஒன்றைக் காட்டின. விண்மீன்கள் பிறந்த காலம் வேறு, அவை ஒரே பேரடையில் சேர்ந்த காலம் வேறு. பல வயல்களில் முன்பே விளைந்த நெல் பின்னாளில் ஒரே களஞ்சியத்திற்கு வந்து சேர்வது போன்றது இது. நெல்லின் வயதைக் கொண்டு களஞ்சியம் நிரம்பிய நாளைச் சொல்ல முடியாது.

தூசிக்குள் மறைந்தவை

1997 முதல் ஹவாயிலுள்ள ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் தொலைநோக்கி, மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைந்த அலைநீளத்தில் வானை நோக்கியது. ஹபிள் தொலைநோக்கிக்குப் புலப்படாத பேரடைகள் அதில் ஒளிர்ந்தன. அவற்றின் விண்மீன் ஒளியைத் தூசி உறிஞ்சி வெப்பமாக வெளியிட்டதே காரணம். பால்வழியில் ஆண்டுக்கு ஓரிரு சூரியன்களின் நிறையளவே விண்மீன்கள் பிறக்கின்றன. இவற்றிலோ நூற்றுக்கணக்கிலும், சிலவற்றில் ஆயிரம் வரையிலும் பிறந்தன. 1998-இல் ஹபிள் ஆழ்புலப் பகுதியில் கண்டறியப்பட்ட எச்டிஎஃப் 850.1 என்பதன் தொலைவு 2012-இல்தான் அளக்கப்பட்டது. பெருவெடிப்புக்குப் பின் ஏறத்தாழ 110 கோடி ஆண்டுகளில் இருந்த பேரடை அது.

2024 டிசம்பரில் வெளியான ஆய்வு ஒன்று, சிலியிலுள்ள அல்மா தொலைநோக்கி பதிவு செய்த இவ்வகைப் பேரடைகள் நூற்றுக்கும் மேற்பட்டவற்றை ஆராய்ந்தது. பலவற்றின் நடுப்பகுதி தட்டையாக இல்லாமல், ஏற்கெனவே உருண்டு திரண்டிருந்தது. உருண்ட மையம் உருவாகப் பிற்கால இணைவு எப்போதும் தேவையில்லை என்பதற்கு இது சான்றாயிற்று.

வளர்ச்சி நிற்பதும் தொடர்வதும்

வளிமம் இருந்தும் விண்மீன் பிறப்பு ஏன் நிற்கிறது என்பதற்கு 1998-இல் ஜோசப் சில்க், மார்ட்டின் ரீஸ் ஆகியோர் விடை தந்தனர். நடுவிலுள்ள பெருநிறைக் கருந்துளை பொருளை விழுங்கும்போது வெளிப்படும் ஆற்றல் சுற்றியுள்ள வளிமத்தை வெளியே தள்ளுகிறது. பிற்காலக் கணக்கீடுகளின்படி, அவ்வாற்றல் வளிமத்தைக் குளிரவிடாமலும் தடுக்கிறது.

விண்மீன் பிறப்பு நின்ற பின்னும் பேரடை வளர்கிறது. சுமார் ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்த அமைதியான பெரும் பேரடைகள், அதே நிறையுடைய இன்றைய பேரடைகளைவிடப் பல மடங்கு சிறிய அளவில் இருந்தன. முதலில் செறிவான மையம் விரைவாக உருவாகிறது. பின்னர் சிறிய பேரடைகள் விழுந்து வெளிப்பகுதி விரிகிறது. இரு கட்ட வளர்ச்சி எனப்படும் இக்கருத்து பழைய இரு விடைகளையும் இணைக்கிறது.

ஜேம்ஸ் வெப் எழுப்பிய கேள்வி

2017-இல் கார்ல் கிளேஸ்புரூக் குழுவினர், பெருவெடிப்புக்குப் பின் சுமார் 165 கோடி ஆண்டுகளிலேயே விண்மீன் பிறப்பை நிறுத்திவிட்ட பேரடை ஒன்றை அறிவித்தனர். அதன் விண்மீன்களின் நிறை ஏறத்தாழ 17,000 கோடி சூரியன்கள். 2023-இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் தரவைக் கொண்டு ஈவோ லபே குழுவினர், பெருவெடிப்புக்குப் பின் 50 முதல் 70 கோடி ஆண்டுகளில் இருந்ததாகக் கருதப்பட்ட ஆறு பெரும் பேரடைகளை முன்வைத்தனர். அவற்றின் நிறை உண்மையானால், அக்காலத்தில் கிடைத்த சாதாரணப் பொருள் ஏறக்குறைய முழுவதுமே விண்மீன்களாகியிருக்க வேண்டும். அதனால் அண்டவியல் கோட்பாடே தவறோ என்ற ஐயம் எழுந்தது.

பின்னர் நிறமாலை ஆய்வில், அவற்றுள் ஒன்று கணித்ததைவிட அருகில் இருப்பதும், அதில் கருந்துளை பொருளை விழுங்கிக்கொண்டிருப்பதும் தெரியவந்தன. கருந்துளையைச் சூழ்ந்த பொருளின் ஒளியை விண்மீன் ஒளியாகக் கணக்கிட்டால் நிறை மிகையாகத் தோன்றும். இத்தகையவற்றை நீக்கிய பின்னும் பெரும் பேரடைகளின் எண்ணிக்கை எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகவே உள்ளது. அடர்ந்த தொடக்கக்காலப் பேரண்டத்தில் வளிமம் இன்றைவிடத் திறம்பட விண்மீன்களாக மாறியது என்பது இதற்குத் தரப்படும் விளக்கங்களுள் முதன்மையானது. இவ்வாறு, சிறியவை சேர்ந்து பெரியவை ஆகும் என்ற கோட்பாடு இன்றும் நிலைக்கிறது. அது எவ்வளவு விரைவாக நிகழ்ந்தது என்பதே திருத்தப்பட்டு வருகிறது.