படிக்கும்போதே ஒரு சோதனை

தோட்டத்து டிரெசர் ஒரு சீட்டை எழுதிக் கொடுத்து, “பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்பெஷலிஸ்டைப் பாருங்கள்” என்று அனுப்பியது நம் குடும்பங்களில் பலருக்கு நினைவிருக்கும். அந்த ஸ்பெஷலிஸ்ட், அதாவது சிறப்பு மருத்துவர், கற்க வேண்டியதைக் கற்றுத்தான் வந்திருக்கிறார் என்று நமக்கு யார் உறுதி சொல்வது? இந்தக் கேள்வியோடு அமெரிக்க மருத்துவர்கள் நெடுங்காலம் போராடினார்கள்.

1889-ஆம் ஆண்டில் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை திறக்கப்பட்டது. அங்கே வில்லியம் ஆஸ்லர், வில்லியம் ஹால்ஸ்டெட் ஆகியோரிடம் பட்டம் பெற்ற இளம் மருத்துவர்கள் பல ஆண்டுகள் தொழில் பயின்றார்கள். மருத்துவமனையிலேயே வசித்ததால் அவர்களுக்கு ‘ரெசிடெண்ட்’ என்று பெயர். ஏறக்குறைய நம் குருகுலம் போலத்தான். யார் தேறினார், யார் தேறவில்லை என்பதை ஆசானின் கண்ணே அளந்தது.

வெளியிலோ நிலைமை வேறு. சாதாரண மருத்துவர் எவரும் ‘கண் நிபுணர்’ என்று பலகை மாட்டிக்கொள்ளலாம், கேட்பாரில்லை. இதற்கு முடிவு கட்ட வேண்டும் என்று 1908-இல் டெரிக் வெயில் என்ற கண் மருத்துவர் குரல் எழுப்பினார். 1916-இல் கண் மருத்துவர்களுக்கான வாரியம் அமைந்தது. அவ்வாண்டு டிசம்பரிலேயே மெம்பிஸ் நகரில் முதல் சோதனையையும் நடத்தியது. மற்றத் துறைகள் பின்னால் வந்தன.

ஆனால் அது பயிற்சியெல்லாம் முடிந்த பிறகு வைக்கும் சோதனை. பால்மரம் வெட்டப் பழகுகிறவரின் வெட்டை மண்டோர் அன்றாடம் பார்ப்பார் அல்லவா? கத்தி ஆழமாக இறங்கினால் மரத்தில் காயம். பட்டை ஆறி வந்தாலும் அந்த இடம் கரடுமுரடாகிவிடும், மறுபடி வெட்டத் தோதுப்படாது. பழகும்போதே திருத்தாமல் ஆண்டுக் கடைசியில் வந்து பார்த்து என்ன பயன்?

இதை முதலில் செயலில் காட்டியவர்கள் எலும்பு அறுவை மருத்துவர்கள். 1963-இல் பயிற்சியில் இருக்கும் ரெசிடெண்டுகளுக்கென்றே ஒரு சோதனையைத் தொடங்கினார்கள். ஆண்டுக்கு ஒரு முறை, முதலாண்டுக்காரருக்கும் கடைசி ஆண்டுக்காரருக்கும் ஒரே வினாத்தாள்! இதன் நோக்கம் தேறினவர், தோற்றவர் என்று பிரிப்பதன்று. எந்தப் பகுதியில் தாம் பலவீனம் என்று மாணவருக்குத் தெரியும். எதைச் சரியாகச் சொல்லிக் கொடுக்கவில்லை என்று ஆசிரியருக்கும் தெரியும். இந்த இரண்டாவது பயனைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். பொது அறுவை மருத்துவத்துக்கு இத்தகைய சோதனை 1975-இலும், உள்மருத்துவத்துக்கு 1988-இலும் வந்தது.

நாளடைவில் சிலர் அந்த மதிப்பெண்ணைப் பிரம்பாக்கிவிட்டார்கள். மேல் வகுப்புக்கு அனுப்புவதா வேண்டாமா என்பதற்கெல்லாம் அதைக் காட்டினார்கள். அப்படி மிரட்டினால், மாணவர் வினாத்தாளுக்காகப் படிப்பாரே தவிர நோயாளிக்காகப் படிக்க மாட்டார்.

1990-இல் ஜார்ஜ் மில்லர் என்ற அமெரிக்கக் கல்வியாளர் இன்னொன்றையும் சுட்டிக் காட்டினார். அறிந்திருத்தல், எப்படிச் செய்வதென்று அறிதல், செய்து காட்டுதல், அன்றாட வேலையில் செய்தல் என்று திறமைக்கு நான்கு படிகள். எழுத்துச் சோதனை கீழிரண்டு படிகளை மட்டுமே எட்டும். மேலிரண்டையும் பார்க்க, மூத்த மருத்துவர் நோயாளியின் கட்டிலருகே நின்றாக வேண்டும்.

நம் வட்டாரத்தில் நெடுங்காலம் பிரிட்டிஷ் வழியே நடந்தது. லண்டன், எடின்பரோ, கிளாஸ்கோ கல்லூரிகளின் சோதனைகளை எழுத நம் மருத்துவர்கள் கடல் கடந்து போனார்கள். சிங்கப்பூர் 2010-இல் அமெரிக்க முறையைத் தழுவி ரெசிடெண்ட் பயிற்சியைத் தொடங்கியபோது, பயிற்சிக்காலச் சோதனையும் கூடவே வந்தது. பழைய பிரிட்டிஷ் சோதனைகளும் அதோடு அடியோடு நின்றுவிடவில்லை.