நாடியும் நெற்றித் தசையும்: வலியை ஆளும் கலையின் வரலாறு

மனத்தின் உளைச்சல் உடலில் தன் அடையாளத்தைப் பதிக்கிறது என்பதை மனிதன் நெடுங்காலமாகவே அறிந்திருக்கிறான். அச்சத்தில் கைகள் குளிர்கின்றன. கோபத்தில் நெஞ்சு படபடக்கிறது. கவலையில் நெற்றியும் தோளும் இறுகுகின்றன. இந்த அடையாளங்களைப் படிப்பவர் யார், படித்தபின் செய்ய வேண்டியது என்ன என்னும் இரு வினாக்களுக்கு வெவ்வேறு காலங்கள் வெவ்வேறு விடைகளைத் தந்துள்ளன. நாட்பட்ட வலிக்கும் மன அழுத்தத்துக்கும் இன்று கையாளப்படும் ‘பயோஃபீட்பேக்’ என்னும் பயிற்சி அவ்விடைகளுள் அண்மைக் காலத்தது. அதனை அதற்குரிய வரலாற்றில் வைத்துப் பார்க்க முற்படுவோம்.

நாடியில் மனத்தைப் படிக்கும் கலை முஸ்லிம் மருத்துவர்களுக்குக் கிரேக்க மரபிலிருந்து வந்தது. 2ஆம் நூற்றாண்டில் ரோம் நகரில் வாழ்ந்த காலன், அரபு நூல்களில் ஜாலீனூஸ் என வழங்கப்படுபவர். உறக்கமின்றித் தவித்த ஒரு பெண்மணியின் நாடி, பைலாடிஸ் என்னும் நடனக் கலைஞனின் பெயர் சொல்லப்பட்டதும் தடுமாறியதை அவர் எழுதி வைத்திருக்கிறார். 9ஆம் நூற்றாண்டில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கும் அவருடைய குழுவினரும் காலனின் நூல்களை சுரியானியிலும் அரபியிலும் பெயர்த்தபோது இம்மரபு புதிய மண்ணில் வேரூன்றியது.

இப்னு சீனா (ஹிஜ்ரி 370-428 / கி.பி. 980-1037) தமது ‘அல்-கானூன் ஃபித் திப்’ நூலின் முதற்பகுதியில் நாடியைப் பத்து வகைக் கூறுகளாகப் பகுத்து ஆராய்கிறார். அதே நூலின் மூன்றாம் பகுதியில், தலை சார்ந்த நோய்களின் வரிசையில் காதல் நோயையும் வைக்கிறார். நோயாளி மறைக்கும் பெயரை அறிய, நாடியில் விரல் வைத்தபடியே பல பெயர்களைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். ஒரு பெயருக்கு மட்டும் நாடி மீண்டும் மீண்டும் மாறுமாயின் அதுவே உரிய பெயர் என்கிறார். இதனைத் தாமே சோதித்து அறிந்ததாகவும் குறிப்பிடுகிறார்.

ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர் நிஸாமி அரூஸி ஸமர்கந்தி தமது ‘சஹார் மகாலா’வில் இச்செய்தியை ஒரு சுவையான கதையாக்கினார். குர்கான் நகரில் அமீர் காபூஸின் உறவினனான இளைஞனை இப்னு சீனா இம்முறையில் ஆய்ந்து, தெருவையும் வீட்டையும் பெண்ணையும் கண்டறிந்தார் என்பது கதை. ஆனால் இப்னு சீனாவின் தன்வரலாறு வேறு செய்தி தருகிறது. அவர் காபூஸை நாடிப் புறப்பட்டார்; அவர் சென்று சேரும் முன்னரே காபூஸ் சிறைப்பட்டு இறந்துபோனார். எனவே இக்கதையை நாம் வரலாறாகக் கொள்வதற்கில்லை. கானூனில் உள்ள குறிப்புக்கு இக்கதையின் துணையும் தேவையில்லை.

இப்னு சீனாவுக்கு முன்னரே வாழ்ந்த அபூ ஸைத் அல்-பல்கீ (இறப்பு: ஹிஜ்ரி 322 / கி.பி. 934) இன்னொரு வழியைத் திறந்தவர். ‘மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்’ என்னும் அவரது நூலின் பெயரே உடல்கள், உள்ளங்கள் ஆகிய இரண்டின் நலனையும் ஒருசேரக் குறிக்கிறது. உடல் நோயுற்றால் உள்ளம் வாடும். உள்ளம் துன்புற்றால் உடலும் நோயுறக்கூடும் என்பது அவர் கருத்து. கோபம், அச்சம், துயரம், ஓயாத வீண் எண்ணங்கள் ஆகிய ஒவ்வொன்றுக்கும் அவர் வழி கூறுகிறார். நலமாக இருக்கும் காலத்தில் மருந்துகளைச் சேமித்து வைப்பதுபோல், நல்ல எண்ணங்களையும் சேமித்து வைத்து உளைச்சல் நேரும்போது எடுத்தாள வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று.

இவ்விரு மரபுகளின் எல்லைகளையும் நாம் கவனிக்க வேண்டும். கானூனில் அடையாளத்தைப் படிப்பவர் மருத்துவர், நோயாளியோ படிக்கப்படுபவர். பல்கீயிடத்தில் பயில்பவர் துன்புறுபவரே. ஆயினும் தம் பயிற்சி உடலில் பலித்ததா என்று கண்டறிய அவரிடம் அளவுகோல் இல்லை. இவ்விரண்டும் ஓரிடத்தில் சந்திக்க 20ஆம் நூற்றாண்டின் மின்கருவிகள் தேவைப்பட்டன.

சிகாகோவில் பணியாற்றிய எட்மண்ட் ஜேக்கப்சன், தசைகளைப் படிப்படியாகத் தளர்த்தும் முறையை விளக்கும் நூலை 1929இல் வெளியிட்டார். தாம் தளர்ந்திருப்பதாக நம்பும் மனிதரின் தசையிலும் இறுக்கம் எஞ்சியிருக்கும் என்பதை அவர் கண்டார். அந்த இறுக்கத்தின் மின்னலைகளைக் கருவியால் பிடித்து, அதை உடையவருக்கே ஒலியாகவோ ஒளியாகவோ அறிவிப்பதுதான் பயோஃபீட்பேக்கின் அடிப்படை. 1969இல் கலிஃபோர்னியாவின் சான்ட்டா மோனிக்காவில் கூடிய ஆய்வாளர்கள் இப்பெயரிலேயே ஒரு சங்கம் அமைத்தனர்.

கொலராடோவில் தாமஸ் புட்ஜின்ஸ்கி, ஜொஹான் ஸ்டோய்வா ஆகியோர் இறுக்கத் தலைவலி உடையோரின் நெற்றித் தசையில் மின்முனைகளைப் பொருத்தினர். தசை இறுகினால் ஒலி உயரும், தளர்ந்தால் தாழும். ஒலியைத் தாழ்த்தப் பழகியவர்கள் நெற்றியைத் தளர்த்தப் பழகினார்கள். 1973இல் வெளியான அவர்களது ஆய்வில் 18 பேர் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். தம் தசையின் உண்மையான ஒலியைக் கேட்டவர்களுக்கே தலைவலி பெரிதும் குறைந்தது. பொருத்தமற்ற ஒலியைக் கேட்டவர்களுக்கு அத்தகைய பலன் கிட்டவில்லை.

1985இல் ஹெர்ட்டா ஃப்ளோரும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட முடிவு நம்மைக் கானூனுக்கே திரும்ப அழைக்கிறது. நாட்பட்ட முதுகுவலி உடையோர் தம் வாழ்வின் உளைச்சலைப் பற்றிப் பேசியபோது அவர்களது முதுகுத் தசை இறுகியது. அது பழைய நிலைக்குத் திரும்பவும் தாமதமாயிற்று. நலமாயிருந்தோரிடம் இது காணப்படவில்லை. அன்று சொல்லுக்கு நாடி விடையளித்தது. இங்கே தசை விடையளித்தது. இதனால், இன்றைய முறை கானூனிலிருந்தே பிறந்தது என்று நாம் உரிமை கொண்டாடுவதற்கில்லை. அத்தகைய தொடர்புக்குச் சான்றில்லை. முன்னோரின் நுண்ணோக்கைப் போற்றச் சான்றில்லாத உரிமைகள் தேவையுமில்லை.

இத்துறையின் வரலாற்றில் ஒரு பெரும் சறுக்கலும் உண்டு. ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் நீல் மில்லர், தசைகள் முடக்கப்பட்ட எலிகள்கூடத் தம் இதயத் துடிப்பை மாற்றப் பழகுகின்றன என்று 1969இல் எழுதினார். உலகமே வியந்தது. பின்னர் அதே சோதனையை மீண்டும் செய்தபோது அம்முடிவு கிட்டவில்லை. மில்லர் அதை மூடி மறைக்கவில்லை. காரணத்தை ஆண்டுக்கணக்கில் தேடி, இறுதியில் 1986இல் பேரி ட்வொர்க்கினுடன் இணைந்து தோல்வியை வெளிப்படையாகவே பதிவு செய்தார். அறிஞருக்குரிய அமானிதம் இதுவே எனக் கருதுகிறோம்.

மனிதரிடம் செய்யப்பட்ட சிகிச்சை ஆய்வுகள் தனியே நின்றன. ஒற்றைத் தலைவலி குறித்த 55 ஆய்வுகளை 2007இலும், இறுக்கத் தலைவலி குறித்த 53 ஆய்வுகளை 2008இலும் யுவோன் நெஸ்டோரியுக் உள்ளிட்டோர் தொகுத்து ஆராய்ந்தபோது, முதலாவதில் நடுத்தரமான பயனும் இரண்டாவதில் அதனினும் சற்று மேலான பயனும் புலப்பட்டன. எல்லா வலிகளுக்கும் இதே அளவு சான்று இல்லை. கட்டி, கிருமித்தொற்று முதலிய காரணங்கள் உண்டா என்று மருத்துவர் ஆய்ந்த பின்னரே இப்பயிற்சியை நாட வேண்டும்.

நம் குடும்பங்களிலும் ஆண்டுக்கணக்கில் வலியோடு வாழ்வோர் உள்ளனர். பரிசோதனைகளில் ஒன்றும் தெரியவில்லை என்றதும், ‘எல்லாம் மனப்பிரமை’ என்ற சொல்லை அவர்கள் கேட்க நேர்கிறது. மனத்தால் வலி மாறுகிறது என்பதை அறிந்தவர்களே இந்த அநீதியைச் செய்வதுண்டு. நாம் கண்ட வரலாறு அதற்கு இடம் தரவில்லை. சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் மாறிய நாடி உண்மையான நாடியே. இறுகிய தசை உண்மையான தசையே. வலி ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கம் 2020இல் திருத்திய வரையறையும், வலிக்கிறது என்று ஒருவர் கூறுவதை மதிக்க வேண்டும் என வலியுறுத்துகிறது.

நெற்றியில் பொருத்திய கருவி நோயாளியின் சொல்லுக்குச் சாட்சியாகிறது. பயிற்சி அவர் கையில் ஓரளவு ஆற்றலை ஒப்படைக்கிறது. வலி முற்றிலும் அகலாதபோதும், தம் உடலின் மொழியைத் தாமே படிக்கக் கற்றவர் அதன்முன் முன்போல் நிராதரவாக நிற்பதில்லை.