பொதியும் பூட்டும்

சென்ற ஐப்பசி மாதத்தில் குடும்பத்துடன் இராமேசுவர யாத்திரை சென்று, பத்து நாட்கள் கழித்து இல்லம் திரும்பியபோது, வெளிக்கதவின் கம்பிகளுக்கிடையே ஓர் அட்டைப் பெட்டி செருகப்பட்டு, மழையில் ஊறி, ஒரு மூலை பிரிந்து தொங்கக் கண்டேன். அதன்மேல் ஒட்டியிருந்த தாளில் என் பெயரும் விலாசமும் கைபேசி எண்ணும், தெருவில் போவோர் எவரும் நின்று படிக்கத்தக்க பருமனான எழுத்துக்களில் அச்சாகியிருந்தன. நாங்கள் புறப்பட்ட மூன்றாம் நாளே அப்பொதி ஒப்படைக்கப்பட்டுவிட்டதாக எனக்குச் செய்தி வந்திருந்தது. பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில் என் பெயரே குறிக்கப்பட்டிருந்தது. உள்ளே இருந்தவை இரண்டு புத்தகங்கள்தாம், நஷ்டம் பெரிதன்று. ஆயினும், ஏழு பகலும் ஏழு இரவும் அந்தப் பெட்டி என் வாசலில் தொங்கிக்கொண்டு, இவ்வீட்டில் ஆள் இல்லை என்று வீதி முழுவதற்கும் பறைசாற்றியிருக்கிறதே என்ற நினைவு அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை.

பிறர் பொருளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும், ஆளில்லாத வீட்டைக் காப்பதும் இரு வேறு காரியங்கள் போலத் தோன்றினும், அவற்றின் வரலாற்றைச் சிறிது பின்னோக்கிப் பார்ப்போர்க்கு, இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை என்பது விளங்கும். 'இதற்கு நான் பொறுப்பு' என்று சொல்ல ஒரு மனிதன் முன்வந்து நிற்பதே அந்த வேர்.

தமிழ்நாட்டில் விலாசம் எழுதிய பொதிகளைப் பற்றிய செய்தி மிகப் பழமையானது. காவிரிப்பூம்பட்டினத்தில் கடல்வழி வந்த பண்டங்களும் நிலத்திலிருந்து கடலேறவிருந்த பண்டங்களும் முற்றத்தில் மலைபோற் குவிந்து கிடந்ததையும், அவற்றின்மீது சோழனின் புலிமுத்திரை இடப்பட்டுக் கடுமையான காவல் வைக்கப்பட்டிருந்ததையும் பட்டினப்பாலை விரிவாகக் கூறுகிறது. அதே நகரத்தைப் பாடவந்த சிலப்பதிகாரமோ இன்னும் வியப்பான ஓரிடத்தைக் காட்டுகிறது. இந்திரவிழவின் சிறப்பைச் சொல்லும் காதையில் வரும் வெள்ளிடை மன்றத்தில், புதிதாக வந்த வணிகர்கள் தத்தம் பெயரையும் பொதியின் அளவையும் நிறையையும் எழுத்தால் பொறித்து வைத்த மூட்டைகள் கிடக்கும். அங்கே வாயிற்கதவு கிடையாது, தாழ்ப்பாள் கிடையாது, உடையவர் காவலும் கிடையாது. ஆயினும் எவனேனும் அவற்றைக் களவாட முற்பட்டால், அச்சுமை அவன் தலையிலேயே ஏறி, கழுத்து நோகும்படி அவனைச் சுற்றிச் சுற்றி வரச் செய்யுமேயன்றி, அவன் அதனைக் கொண்டுபோக விடாது என்று இளங்கோவடிகள் பாடுகிறார்.

இது காவியத்தின் கற்பனையாகவே இருக்கட்டும். அந்தக் கற்பனைக்குள்ளும் ஒரு நுட்பம் இருக்கிறது. கதவையும் தாழையும் காவலாளையும் நீக்கத் துணிந்த கவி, பொறுப்பை மட்டும் நீக்கவில்லை. மனிதக் காவல் இல்லாத இடத்தில் தெய்வத்தன்மை வாய்ந்த ஒரு காவலை நிறுத்தியே பொதியைத் திறந்த வெளியில் கிடக்கவிட்டார். பெயரெழுதிய மூட்டையைக் காப்பாரின்றி விட்டுவிட்டுப் போகலாம் என்ற எண்ணம் கவிக்கும் தோன்றவில்லை.

வீட்டுக் காவலின் வரலாறும் இவ்வளவு தொன்மையுடையது. மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார் நள்ளிரவு நகரத்தை வருணிக்குமிடத்தில், நூலேணியுடன் திரியும் கள்வர்களையும், அவர்களுடைய தந்திரங்களையெல்லாம் அறிந்து, மழை கொட்டும் நடுயாமத்திலும் சோர்வின்றித் தெருக்களில் சுற்றிவரும் ஊர்க்காப்பாளரையும் நாம் காண்கிறோம். பின்வந்த சோழர், பாண்டியர் காலத்துக் கல்வெட்டுக்களில் 'பாடிகாவல்' என்ற பெயரால் ஒரு வரி குறிக்கப்படுகிறது; ஊரைக் காக்கும் பணிக்கென்று ஊரார் செலுத்திய இறை அது.

பாளையக்காரர் காலத்துத் தென்பாண்டிச் சீமையில் இம்முறை ஒரு தெளிவான ஒப்பந்தத்தின் தன்மையை அடைந்திருந்தது. காவற்காரன் குடிகளிடமிருந்து தானியமாகவோ பணமாகவோ காவற்கூலி பெறுவான். அவன் காவல் எல்லைக்குள் களவு நேர்ந்தால், போன பொருளை மீட்டுத் தருவது அவன் கடமை. மீட்க இயலாவிடில், அதன் கிரயத்தை அவனே ஈடுசெய்ய வேண்டும். கூலி வாங்கிய கைதான் நஷ்டத்தையும் ஏற்க வேண்டும் என்ற இந்த நியாயத்தைவிட எளிதான நியாயம் வேறில்லை. இம்முறை காலப்போக்கில் பல இடங்களில் சீர்கெட்டு, கூலி கொடாதவன் வீட்டிலேயே களவு நேர்வதும், காணாமற்போன மாட்டைத் திரும்பப் பெறத் 'துப்புக்கூலி' கொடுக்க நேர்வதுமாக, காவலே ஒரு பயமாக மாறியதையும் மறைக்கலாகாது. கும்பினியார் பாளையங்களை அடக்கியபின் அந்தக் காவலுரிமையை ஒழித்தனர். 1816-ஆம் ஆண்டின் சட்டத்தால் கிராமத் தலைவனையும் தலையாரியையும் காவற்பணிக்கு உரியவராக்கினர். 1859-இல் சென்னை மாகாணத்துக்கென்று போலீஸ் சட்டம் பிறந்தது. கள்வனைப் பிடித்துத் தண்டிப்பதை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. ஆனால், இழந்த பொருளுக்கு ஈடு கொடுக்கும் பழைய கடமை எவர் தலையிலும் ஏறாமல் மறைந்துபோயிற்று.

இனித் தபாலின் கதைக்கு வருவோம். சென்னையில் 1786-ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதி பொதுத் தபால் நிலையம் திறக்கப்பட்டது. கடிதப் பையைச் சுமந்து ஓட்டக்காரர்கள் கட்டத்துக்குக் கட்டம் ஓடிக் கைமாற்றினர். பளுவான பொதிகளோ, தோளில் வைத்த கழியின் இரு முனைகளிலும் காவடிபோலத் தொங்கவிடப்பட்டுச் சென்றன. வடநாட்டில் அக்கழிக்கு வழங்கிய பெயரையொட்டி, பொதித் தபாலுக்கே 'பங்கித் தபால்' என்ற பெயர் தமிழிலும் வழங்கலாயிற்று. தெற்கே திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் தனியாக 'அஞ்சல்' என்ற அமைப்பு நடைபெற்றது. மணி கட்டிய கோலை ஏந்தி ஓடிவரும் அஞ்சலோட்டக்காரனின் ஓசை கேட்டதும் வழியில் நிற்போர் ஒதுங்கி இடம்விடுவர். 1951-இல் அந்த அமைப்பு இந்தியத் தபால் இலாகாவுடன் இணைந்து மறைந்தபோதிலும், அதன் பெயர் மட்டும் இன்று தமிழ் முழுவதற்கும் உரிய சொல்லாக நிலைபெற்றுவிட்டது.

1854-இல், தூரம் எவ்வளவாயினும் கால் தோலா எடையுள்ள கடிதத்துக்கு அரையணா என்ற ஒரே விகிதம் நாடெங்கும் ஏற்பட்டது. 1877-இல் பொருளைக் கொடுத்து விலையைப் பெற்றுவரும் வி.பி.பி. முறையும், 1880-இல் மணியார்டரும் வந்தபின், தபால்காரர் வெறும் கடிதம் சுமப்பவராக இல்லாமல், பிறருடைய பணத்தையும் பண்டத்தையும் வாசல்வரை எடுத்துவரும் நம்பிக்கைக்குரிய மனிதரானார். பர்மாவிலிருந்தும் மலாயாவிலிருந்தும் மகன் அனுப்பிய பணத்தை, எழுதப்படிக்கத் தெரியாத தாய் ஒருத்தி பெற வேண்டுமானால், சாட்சி ஒருவரை வைத்துக்கொண்டு அவளுடைய கைரேகையை வாங்கி, ரூபாய்களை அவள் உள்ளங்கையிலேயே எண்ணி வைப்பார். பதிவுத் தபாலுக்குக் கையெழுத்து வேண்டும். வீடு பூட்டியிருந்தாலோ, அறிவிப்புச் சீட்டொன்றை விட்டு, உறையின்மேல் 'டோர் லாக்டு' என்று எழுதி, தேதியிட்டு, பொருளை நிலையத்துக்கே திருப்பி எடுத்துச்செல்வார். உடையவர் வந்து கேட்பதற்காக அங்கே அது ஏழு நாட்கள் காத்திருக்கும். நெடும்பிரயாணம் போகிறவர் எழுதிக் கொடுத்தால், கடிதங்களை நிறுத்திவைக்கவும், வேறு விலாசத்துக்குத் திருப்பவும் வழி இருந்தது, இன்றும் இருக்கிறது.

பொருளை ஏற்றுச் செல்வோரின் பொறுப்பைச் சட்டமும் ஆராய்ந்தது. 1865-ஆம் ஆண்டின் சரக்கேற்றுவோர் சட்டப்படி, கொடுத்த சரக்கு காணாமற்போனால், ஏற்றிச் சென்றவர் அஜாக்கிரதையாக இருந்தார் என்று வாதி நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. சரக்கு வந்துசேரவில்லை என்பதே போதுமானதாக இருந்தது. தபால் இலாகாவுக்கோ, 1898-ஆம் ஆண்டின் அஞ்சலகச் சட்டத்தின் ஆறாம் பிரிவு, இழப்புக்கும் தாமதத்துக்கும் தவறான பட்டுவாடாவுக்கும் தானாக ஏற்றுக்கொண்ட அளவுக்கு மேல் பொறுப்பில்லை என்று விலக்கு அளித்தது. ஆனால் அதே சட்டம், தபாலைத் திருடியோ மறைத்தோ அழித்தோ குற்றம் புரியும் சிப்பந்திக்கு ஏழாண்டு வரை சிறை விதிக்கவும் இடமளித்தது. ஈடு கொடுக்கும் பொறுப்பை நீக்கியவர்கள், ஊழியனின் நாணயத்தைக் காக்கும் பொறுப்பை அவ்வாறு இறுக்கினார்கள். காக்கி உடுப்பும் கையெழுத்துப் புத்தகமும் நம் மக்கள் மனத்தில் பெற்ற மதிப்பு இதனால் விளைந்ததே.

இக்காலங்களில் வீட்டை விட்டுப் போகிறவர் என்ன செய்தார்? வாசல்தோறும் திண்ணை இருந்தது. அங்கே பகலில் முதியவர் அமர்ந்திருப்பர், இரவில் வழிப்போக்கரும் அண்டை வீட்டு ஆண்களும் படுத்துறங்குவர். காசிக்கோ திருப்பதிக்கோ புறப்படுகிற இல்லத்தரசி, அடுத்த வீட்டு வாசலில் நின்று, "அக்கா, போயிட்டு வர்றோம், வாசல் தெளிச்சு ஒரு கோலம் மட்டும் போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டுப் போவாள். விடியலில் கோலமில்லாத வாசல் ஆளில்லாத வீட்டைக் காட்டிக்கொடுக்கும் என்பது அவளுக்குத் தெரியும். அந்தி வேளையில் மாடத்தில் ஒரு விளக்கும், காலையில் வாசலில் நான்கு புள்ளியும் இருந்துவிட்டால், அந்த வீட்டில் குடித்தனம் நடக்கிறது என்பது பொருள். செட்டிநாட்டில் குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டமையால் பூட்டிக் கிடக்கும் பெருவீடுகளில் இன்றும் சாவியை வைத்திருக்கும் ஒருவர் வந்து திறந்து, பெருக்கி, விளக்கேற்றிப் போகும் வழக்கம் அற்றுப்போகவில்லை.

அந்தச் சாவிக்கு ஏற்ற பூட்டையும் நம் கம்மியர்கள் செய்து கொடுத்தனர். திண்டுக்கல்லில் கையாலேயே உருவாகும் பூட்டுக்களில், மாங்காய் வடிவில் அமைந்ததும், சாவியைத் திருப்பும்தோறும் மணி ஒலிப்பதும் பெயர் பெற்றவை. 2019-இல் அவற்றுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மணிப்பூட்டின் தத்துவத்தை எண்ணிப் பாருங்கள்: பூட்டு தன் பலத்தை மட்டும் நம்பவில்லை, யாரோ திறக்கிறார்கள் என்பதை அயலார் செவிக்கு அறிவித்து, அவர்களுடைய அக்கறையைத் துணைக்கு அழைக்கிறது. கேட்பதற்குச் செவியில்லாத தெருவில் அந்த மணியால் ஒரு பயனும் இல்லை.

இன்றைக்கு நாம் எங்கே நிற்கிறோம்? பொதிகள் முன்னெப்போதையும்விட மிகுந்துவிட்டன. அவற்றைச் சுமந்துவரும் இளைஞர்களோ பொதிக்கு இவ்வளவு என்று கூலி பெற்று, வெயிலிலும் மழையிலும் நாளொன்றுக்குரிய எண்ணிக்கையை முடிக்க வேண்டிய நிர்ப்பந்தத்தில் ஓடுகிறார்கள். பூட்டிய வீட்டிலிருந்து ஒரு பொதியைத் திருப்பிக்கொண்டு போனால் கூலி போய்விடும் என்ற நிலையில், அவர்கள் சுவரேறி எறிவதையும், மின்மீட்டர்ப் பெட்டிக்குள் செருகுவதையும், 'ஒப்படைத்தாயிற்று' என்று குறிப்பதையும் கண்டு அவர்களை மட்டும் நிந்திப்பது நியாயமாகாது. திருப்பிக்கொண்டு போகும் உழைப்புக்கும் கூலி தரவேண்டும் என்று எண்ணாத ஏற்பாட்டின்மேலேயே என் குறை. பற்றுச்சீட்டின் பின்புறத்தில் பொடியெழுத்தில், ஒரு சிறு தொகைக்குமேல் பொறுப்பேற்பதில்லை என்று அச்சிடும் நிறுவனம், பழைய காவற்காரனின் கூலியைப் பெற்றுக்கொண்டு அவனுடைய கடமையைக் கழித்துவிட்டது. பதிவுத் தபாலும் 2025 செப்டம்பர் முதல் விரைவுத் தபாலுடன் இணைக்கப்பட்டுத் தன் தனிப்பெயரை இழந்துவிட்டது.

நம் பக்கத்திலும் குறை உண்டு. திண்ணையை இடித்து மதிலெழுப்பினோம். அடுத்த வீட்டார் பெயரறியாமல் ஆண்டுக்கணக்கில் வாழ்கிறோம். ஊருக்குப் போகுமுன் வரவிருக்கும் பொதியைத் தள்ளிவைப்பதும், பால்காரருக்கும் பத்திரிகை போடுகிறவருக்கும் சொல்லிவைப்பதும், காவல் நிலையத்தில் தெரிவித்து, ரோந்து வருகிற காவலர் ஒப்பமிடும் பட்டாப் புத்தகத்தில் நம் தெருவும் இடம்பெறச் செய்வதும் அரைநாள் வேலைகூட இல்லை. நானும் அவற்றைச் செய்யாமல்தான் புறப்பட்டேன்.

யாத்திரையிலிருந்து திரும்பிய மறுநாள், எங்கள் தெருக்கோடியில் வசிக்கும், தபால்காரராக நெடுங்காலம் இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவரிடம் ஈரம் உலராத அந்தப் பெட்டியைக் காட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பூட்டின வீட்டுத் தபாலைப் பையிலேயே திருப்பி எடுத்துக்கிட்டுப் போயிடுவோம் சார். எந்தெந்த வீடு பூட்டியிருக்குன்னு எனக்குத்தான் முதல்ல தெரியும். டீக்கடையில நின்னா நாலு பேர் நாலு கேட்பாங்க, அதை மட்டும் வாய் தவறியும் சொன்னதில்லை" என்றார். தெருவிலுள்ள பூட்டிய வீடுகளின் பட்டியலையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டு, அதை ஒருவரிடமும் சொல்லாமல், ஒப்படைக்க முடியாத பொதியைத் தோளில் சுமந்து நிலையத்துக்குத் திரும்பி நடந்த அந்த நடையில், வெள்ளிடை மன்றத்துக் காவல் இருந்தது என்றே நான் நம்புகிறேன்.